பேரில்லாத வியாதிக்கு நாலு ஊசி

நர்ஸ் வேலையில் ரத்தம் பார்க்கலாம், சீழ் பார்க்கலாம், சாவுகூடப் பார்த்துவிடலாம்; ஒரு மனுஷர் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, சாத்தியிருக்கிறதா என்று மறுபடியும் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

விருதுநகரில், குடல் ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரியில், இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் வேலை பார்த்தேன். வளர்ந்த மனுஷர்களுக்கு மலம் அடங்காமல் போகிற வியாதி எங்களிடம் வரும். இந்த வரியைப் படித்ததும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் தாராளமாகப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். திருப்புகிற மாதிரித் திருப்பிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்து மறுபடியும் வருகிறீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு ஜெல் வந்திருந்தது. ஊசிக்குழாயில் அடைத்த கெட்டியான பசை. ஆசனவாய்க்குச் சற்று உள்ளே, தோலுக்கு அடியில், சுற்றி நாலு இடத்தில் அதை ஏற்றினால் அந்த இடம் லேசாகப் புடைத்துக்கொள்ளும். சரியாக மூடாத வாய் கொஞ்சம் நெருங்கி மூடும். கத்தி கிடையாது, தையல் கிடையாது. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குச் சுமாராகக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. எங்கள் டாக்டர் சென்னைக்குப் போய் அதைக் கற்றுக்கொண்டு வந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் தட்டு ஏந்தி நின்றேன்.

சூடு, மூலம், வாயு

எங்களிடம் வருகிற யாரும் வியாதியைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடம்புச் சூடு என்பார்கள், மூலம் என்பார்கள், வாயு என்பார்கள். வயிற்றுப்போக்கு என்று சொல்லிச் சொல்லி, அதை நிறுத்துகிற மாத்திரையை வருஷக்கணக்கில் தின்று, உள்ளே கல்லாக இறுகிப்போய் வந்தவர்கள் உண்டு. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. காய்ச்சலுக்கும் காசத்துக்கும் பேர் இருக்கிறது, நாலு பேர் நடுவில் சொல்லலாம். இதற்கு ஊரில் பேரே கிடையாது.

சாத்தூரிலிருந்து ரிட்டயரான பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை ஒருவர் வந்தார். பையில் மூன்று சேலை வைத்திருந்தார். ஏதாவது விசேஷத்துக்கு எடுத்துக் கொடுக்கப் போகிறீர்களா என்று விவரம் கெட்டு நான் கேட்டேன். வழியில் மாற்றிக் கட்டத்தானாம். பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவாராம், அது கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிடுவாராம். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி கேட்டேன்: “டீச்சர், உங்களுக்குத் தெரியாமலே போயிருதா, இல்ல தெரிஞ்சும் ஓடி எட்ட முடியலையா?” ஆயிரம் பிள்ளைகளை அதட்டிய அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கொஞ்சம் அடங்கியதும் சொன்னார்: “ஆறு டாக்டரப் பாத்துட்டேன்மா. இதக் கேக்கவே அவுகளுக்கெல்லாம் தெரியல. எனக்குச் சொல்லத் தெரியலங்கறதுல என்ன அதிசயம்?”

கடைசி வரிசை

மைதீன் மாமா எங்கள் அத்தாவின் கூட்டாளி. பருப்பு மண்டி வைத்திருந்தார். ஒருநாள் எங்கள் ஓ.பி. கதவைத் திறந்தவர், என்னைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினார். “மாமா, நான் இங்கன ஜெரினா இல்ல, வெறும் சிஸ்டர்” என்று சொல்லி, வாசல்வரைக்கும் ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தேன். பௌத்திரத்துக்கு எங்கேயோ ஆபரேஷன் செய்துகொண்டாராம். புண் ஆறிவிட்டது, ஆனால் அன்றிலிருந்து அவருக்குத் தெரியாமலே கசிந்துகொண்டிருந்தது.

அவர் முதலில் கடைசி வரிசைக்குப் போய், பிறகு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு வருவதையே நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மண்டி பெரிதானதும் மனுஷருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. அப்படிப் பேசியவர்களில் எங்கள் அத்தாவும் ஒருவர். “இந்த மாதிரி வியாதிக்காரவுகளுக்கு மார்க்கத்துல சலுகை இருக்கே மாமா, ஒவ்வொரு வக்துக்கும் புதுசா கைகால் கழுவி ஒளு எடுத்துட்டுத் தொழுகலாம்ல” என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அதெல்லாம் பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கிட்டக் கேட்டுட்டேம்மா. மார்க்கம் மன்னிச்சிருச்சு. பக்கத்துல தோளோட தோளு ஒட்டி நிக்கிறான்ல, அவன் மூக்குல்ல மன்னிக்கணும்.”

பேக்கிங் தாள்

சிவகாசியிலிருந்து ஒரு பிரஸ் முதலாளி வந்தார். காலண்டர் அடிக்கிறவர். சீட்டில் ‘வயிற்று வலி’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன், எங்கள் ரெக்கார்டுகளில் பாதிப் பேருக்கு வயிற்று வலிதான். ஜெல் எப்படி வேலை செய்யும் என்று டாக்டர் படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். முதலாளி பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “மிஷின்ல பதிப்பு மங்கலா விழுந்தா, ரப்பர் பிளாங்கெட்டுக்கு அடியில ஒரு தாளச் சொருகுவோம். அந்த எடம் மேடாகி அழுத்தம் சரியாயிரும். அதுதான சார் இது?” என்றார். டாக்டர் அசந்துபோனார். அன்றிலிருந்து படித்த நோயாளிகளுக்கும் அந்தத் தாளைச் சொல்லித்தான் விளக்கினார்.

முதலாளிக்கு ஊசி போட்டோம். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவர், அந்த இடத்தில் அவ்வளவாக வலி தெரியாது என்று தெரிந்ததும் சகஜமாகிவிட்டார். எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டார்: “எல்லாஞ் சரி சார். நாங்க சொருகுற தாளு ஒரு சீசன்தான் தாங்கும். உங்க தாளு எத்தன சீசனுக்கு?”

மேல வாசல் ஓரம்

சுப்புத்தாய் வந்தது சித்திரை வெயிலில். முப்பத்தெட்டு வயசு, ஆமத்தூர்ப் பக்கம். வெடித் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் பயராபீஸ் என்பார்கள். அதில் பதினோரு வருஷமாகச் சரவெடி பின்னுகிறவள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது ஒரு மெலிந்த பொம்பளை, வெளுத்த நூல் சேலை, நகத்தோரத்தில் ஒட்டியிருந்த, வெடிமருந்தில் சேர்க்கிற வெள்ளிப் பொடி. மூன்றாவது பிள்ளை வீட்டிலேயே பிறந்ததாம். பெரிய தலை. கிழிந்தது தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆறியது, ஆனால் அடங்கவில்லை.

அவள் வேலை பார்க்கிற ரூமில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். சுற்றி நாலு வாசல், ஆளுக்கு ஒரு வாசல் ஓரம். மற்ற மூன்று பேரும் அவளுக்குக் கூடப் பிறக்காத பிறப்பு. அந்த ரூமுக்குள் காற்று பெரும்பாலும் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கே போகும் என்பதால், மேல வாசல் ஓரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தாள். ராத்திரி ஒரு கை சோறு தின்றால், மறுநாள் சாயந்தரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த கை. “உக்காந்து செய்யுற வேலை” என்று மட்டும் சொன்னாள், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. டாக்டர் பரிசோதனை செய்து, மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். அதுவரைக்கும் சமாளிக்கட்டும் என்று, பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட் ஒன்றை எடுத்து நான்தான் கொடுத்தேன். சேலைக்கு அடியில் எப்படிக் கட்டுவது என்றும் காட்டினேன்.

அந்தப் பாக்கெட்டை அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். “இதக் கட்டிக்கிட்டா மத்தியானம் கஞ்சி குடிக்கலாமா சிஸ்டர்? அவளுக மூணு பேரும் தூக்குவாளியத் தெறந்தா, நான் விரதம்னு சொல்லிட்டு உக்காந்திருக்கேன். பதினோரு வருசமா எந்தச் சாமிக்கு விரதம்னு அவளுக சிரிக்கிறாளுக.”

கேட்

பத்து நாள் கழித்து வந்தாள். ஸ்கேன் எடுத்திருக்கவில்லை. பாக்கெட்டை மேஜைமேல் வைத்தாள். அதில் ஒன்றுதான் குறைந்திருந்தது.

பயராபீஸுக்குள் நைலான் சேலை கட்டிக்கொண்டு போகக்கூடாது. பாலியெஸ்டர் கூடாது, பிளாஸ்டிக் கூடாது. உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்கும், ஒரு பொறி போதும். இது எங்கள் ஜில்லாவில் பால்குடி மறந்த பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்ததும் ஜில்லாவையே மறந்துவிட்டேன். கேட்டில் பொம்பளைகளைத் தடவிப் பார்த்து உள்ளே விடுகிறவள் பேர் ராமலட்சுமி. காலையில் நாற்பது பேர் வரிசையில் நிற்க, சுப்புத்தாயின் இடுப்பில் கை வைத்தவளுக்குச் சரசரவென்று சத்தம் கேட்டிருக்கிறது. அங்கேயே, வரிசைக்கு முன்னாலேயே, அதை உருவி வெளியே எடுத்தாள். “பிளாஸ்டிக்க மடியில கட்டிக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள போறியாடி? ஒன் பீயி வெளிய வந்துரக் கூடாதுன்னு எங்க உசிரு போகணுமா?” என்று கத்தினாள். அது கேட்டுக்கு முன்னால் மண்ணில் கிடந்தது. நாற்பது பேரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள், அவளுடைய மூன்று பேரும் சேர்த்து. சுப்புத்தாய் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்: “என்ன செய்யுதுன்னு கேட்டீக. எத்தன புள்ளன்னு கேட்டீக. என்ன வேலை பாக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலையே சிஸ்டர்.”

இரண்டு பெட்டி

அன்றைக்குச் சாயந்தரம் டாக்டர் முன்னால் போய் நின்றேன். ஜெல் கம்பெனிக்காரர் பழகிக்கொள்வதற்காக இலவசமாகக் கொடுத்த பெட்டிகளில் இரண்டு மிச்சம் இருந்தன. ஒரு பெட்டி ஒரு ஆளுக்கு. ஒன்று மைதீன் மாமாவுக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இன்னொன்றைத் தெரிந்த பெரிய இடத்துக்காக டாக்டர் எடுத்து வைத்திருந்தார். அது சுப்புத்தாய்க்கு வேண்டும் என்று கேட்டேன். கேட்கும்போது அழுதுவிட்டேன், அதில் இப்போதும் எனக்கு வெட்கம் இல்லை.

“பரிகாரத்துக்கெல்லாம் வைத்தியம் பண்ண முடியாது, ஸ்கேன் என்ன சொல்லுதோ அதுதான்” என்றார். மறுநாள் நானே அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தசை முழுசாக அறுந்திருந்தால் ஊசி பிரயோஜனமில்லை, வெட்டித் தைக்கத்தான் வேண்டும். நல்லவேளை, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தழும்பாகியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, எனிமா கொடுத்து, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொன்னோம். என் விரலை அவள் பிடித்த பிடியில் மோதிரம் வளைந்தது. டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “அந்த நகத்துல இருந்த வெள்ளிப் பொடிய நானும்தான் பாத்தேன் ஜெரினா. நாலு ஊசியில ரெண்டு உனக்காகப் போடுறேன், ரெண்டு எனக்காகப் போடுறேன்.”

களத்தில் காய்ந்தது

வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாம் சொன்னேன். ஒரு வாரம் குத்தவைத்து ரொம்ப நேரம் உட்காரக் கூடாது, முக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, காய்ச்சல் வந்தாலோ ரத்தம் வந்தாலோ ஓடி வரவேண்டும், நன்றாகப் படுத்து ரெஸ்ட் எடுக்க வேண்டும். இந்தத் தடவை எதையும் விடவில்லை என்று ஒரு திருப்தி எனக்கு.

நாலாம் நாள் மகள் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுப்புத்தாயின் முதுகும் பிடரியும் வெந்துபோயிருந்தன. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது, நிற்க முடியாமல் தலை சுற்றியது. ரெஸ்ட் எடுத்திருக்கிறாள், மொட்டைப் பாறையில். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரைக்கும் குப்புறப் படுத்து, உள்ளே வைத்த பசையை வெயிலில் காயப்போட்டிருக்கிறாள். கரைந்துவிடும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. புஸ்வாணத்துக்கு அடியில் மண் அடைத்தாலும், திரிக்குப் பசை தடவினாலும், களத்தில் காயாமல் எதுவும் ரூமுக்குள் வராது, பதினோரு வருஷமாக அவள் கண்டது அது. குளுக்கோஸ் ஏற்றினேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது, ரெஸ்ட்டை நிழலில் எடு என்று யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்: “காயாட்டா நமுத்துப்போகும்னுதான் எனக்குத் தெரியும் சிஸ்டர். காயாமலே இறுகுற சாமான் ஒண்ணு ஒலகத்துல இருக்குன்னு நீங்க சொன்னாத்தான தெரியும்?”

குணமானவள்

ஊசி கேட்டது. முழுசாக இல்லை. முன்பு தினமும் இருந்தது, இரண்டு மாதத்தில் பத்து நாளைக்கு ஒரு தடவை என்று வந்தது. அதுவும் முன்கூட்டித் தெரிந்தது, எழுந்து ஓட நேரம் கிடைத்தது. மத்தியானம் கஞ்சி குடித்தாள். கன்னத்தில் சதை வைத்தது. டாக்டர் அவளைப் பார்த்த நாட்களிலெல்லாம் வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போனார்.

ஆனால் அவள் வேலைக்குப் போகவில்லை. தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்தது, ஆள் போதாமல் கம்பெனிகள் வேன் அனுப்பி ஆள் பிடித்துக்கொண்டிருந்தன. அவளுடைய ரூமில் மேல வாசல் ஓரம் யாரும் உட்காராமல் காலியாகக் கிடந்தது. மூன்று பேரும் வீடு தேடி வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுது, கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். இவள் வீட்டில் தீப்பெட்டிக் கட்டுக்குத் தாள் ஒட்டிக்கொண்டு, தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “அதான் சரியாயிருச்சே சுப்பு, போனா என்ன?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “எனக்குச் சரியாயிருச்சு சிஸ்டர். அந்தக் கேட்டு முன்னாடி மண்ணுல கெடந்துச்சே, அது இன்னும் அங்கனயேதான் கெடக்கு. நான் எப்பிடித் தாண்டிப் போவேன்?”

தடவிப் பார்க்காத இடுப்பு

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு வியாழக்கிழமை, வாட்டசாட்டமான ஒரு பொம்பளை உள்ளே வந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம். கதவைச் சாத்தினாள், திரும்பிப் பார்த்தாள், மறுபடியும் சாத்தினாள். இப்போதெல்லாம் என் முதல் கேள்வி ஒன்றுதான்: “என்ன வேலை பாக்கீக?” அவள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், ஆனால் அந்தக் குரல் தாழ்வதற்குப் பழகாத குரல். “பயராபீஸ் கேட்டுல, பொம்பளையாளுகளச் செக்கிங் பண்ணுறேன்.” பேர் கேட்டேன், ராமலட்சுமி என்றாள். சேலையைத் தளர்த்தச் சொன்னேன். உள்ளே பழைய துணி, அதற்கு மேல் உரச் சாக்குக்குள் வருமே பிளாஸ்டிக் தாள், அது சுற்றியிருந்தது. பிரசவத்தில் ஆயுதம் போட்டு எடுத்ததில் வந்ததாம். ஒன்பது வருஷம்.

இன்னொரு நோயாளி பேரை நான் எடுக்க முடியாது. “கேட்டுல இதே மாதிரி யாரையாச்சும் பிடிச்சிருக்கீகளா?” என்று மட்டும் கேட்டேன். அவளே சொன்னாள். ஆமத்தூர்ப் பக்கத்துப் பொம்பளை ஒருத்தியாம். கை பட்டதுமே அது என்னவென்று தெரிந்துவிட்டதாம். உள்ளே விட முடியாது, அவளோடு மூன்று உயிர் உட்காருகிறது, அதில் தப்பில்லை. ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் அவிழ்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. இது என்னவென்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது நினைத்துவிட்டால்? அதனால் அம்புட்டுச் சத்தம் போட்டாளாம். “அப்ப நீங்க மட்டும் எப்பிடி இதோட கேட்டுல நிக்கீக?” என்று கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். அவள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னாள்: “நான் ரூமுக்குள்ள போறதில்ல சிஸ்டர், வெளியதான் நிக்கேன். எல்லாரையும் நான் தடவிப் பாப்பேன். என்னையத் தடவிப் பாக்கத்தான் அங்கன ஆளே கெடையாதே. சூப்பர்வைசரா ஆக்குறேன்னு ரெண்டு தடவ சொன்னாக, இதுக்காவத்தான் வேண்டாம்னுட்டேன்.”

பெஞ்சு

அடுத்த பெட்டி வர ஒன்றரை மாதம் ஆனது. ராமலட்சுமிக்கும் நாலு ஊசி போட்டோம். வெயிலில் படுக்காதே, தண்ணீர் குடி என்று மட்டும் பத்து தடவை சொல்லி அனுப்பினேன். அவளுடைய மறுபரிசோதனையும் சுப்புத்தாயின் மறுபரிசோதனையும் ஒரே வியாழக்கிழமை காலையில் வந்தன. வேணும்னே தேதி போட்டியா என்று டாக்டர் பின்னால் என்னைக் கேட்டார். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் செய்யக் கூடாத காரியம் அது, நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கள் வராந்தாவில் ஒரே பெஞ்சுதான். அதில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது அதில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். சுப்புத்தாய் உட்கார்ந்திருந்தாள். பரிசோதனை ரூம் கதவு திறந்து ராமலட்சுமி வெளியே வந்தாள், சேலைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ராமலட்சுமியின் கை கொசுவத்திலேயே நின்றுவிட்டது. சுப்புத்தாய் எழுந்து அடிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன், அடித்தாலும் தடுப்பதாக இல்லை. அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். “உக்காருங்க மதினி. எம்புட்டு வருசமா?” என்றாள்.

ராமலட்சுமி உட்கார்ந்தாள், அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. ஒன்பது வருசம் என்றாள். தப்புப் பண்ணிட்டேன் என்றாள். திங்கக்கிழமை வேலைக்கு வா, கேட்டுல நான்தான் நிப்பேன், கையே வைக்காம உள்ள விடுறேன் என்றாள். சுப்புத்தாய் தன் முந்தானையை எடுத்து அவள் கையில் கொடுத்து, முகத்தைத் துடைக்கச் சொன்னாள். துடைத்து முடித்ததும் சொன்னாள்: “வாரேன் மதினி. ஆனா கை வைக்காம விடக் கூடாது. வரிசையில அம்புட்டுப் பேரும் நிக்கிறப்ப, என் இடுப்ப நல்லாத் தடவிப் பாத்துட்டு, ‘இவகிட்ட ஒண்ணும் இல்ல, உள்ள போகட்டும்’னு சொல்லணும். அன்னிக்குக் கத்துனீகள்ல, அதே சத்தத்துல.”

திங்கட்கிழமை ராமலட்சுமி சொன்னாளாம், சுப்புத்தாய் மேல வாசல் ஓரத்தில் போய் உட்கார்ந்தாளாம், ஆனால் சத்தம் மட்டும் அன்றைக்குக் கத்திய அளவுக்கு வரவில்லையாம்; இந்த வியாதிக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் அம்புட்டுக் குணத்துக்கே சந்தோஷப்படப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.